மகளின் முள்ளந்தண்டு நீரில் எதைத் தேடுகிறார்கள்?

வாசகர் கேள்விக்கு நரம்பியல் வைத்தியரின் பதில்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து 44 வயதுத் தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மூத்த மகளுக்கு 19 வயது. சின்ன வயதிலிருந்தே வகுப்பில் ஆகக் கட்டையான பிள்ளை. விளையாட்டுப் போட்டியில் ஓடவிட்டால் பாதியில் இருந்துவிடுவாராம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அடிக்கடி தலையிடியும் சத்தியும். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ஒருநாள் இடக்கை துடிக்கத் தொடங்கி முழு வலிப்பாகியிருக்கிறது. தெளிந்த பிறகு சாப்பாடு கொடுத்தால், தட்டின் வலப்பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இடப்பக்கத்துச் சோறு அப்படியே கிடக்க, "முடிஞ்சுது அம்மா" என்று கை கழுவப் போயிருக்கிறார். இடப்பக்கப் பார்வை போயிருந்தது; அது சில வாரங்களில் பெரும்பாலும் திரும்பியது. நாலு மாதம் கழித்து அதே மாதிரி இன்னொரு முறை. முதலில் ஸ்ட்ரோக் என்றார்கள். இப்போது கொழும்பில் பார்க்கும் நரம்பியல் நிபுணர், எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்துவிட்டு, மைட்டோகொண்ட்ரியா (கலங்களுக்குச் சக்தி செய்து கொடுக்கும் பகுதி) நோயாக இருக்கலாம், முள்ளந்தண்டில் ஊசி போட்டு, மூளையையும் நரம்புத் தண்டையும் சுற்றியிருக்கும் நீரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு கதை. "முதுகில தண்ணி எடுத்தா பிள்ளை பிறகு நடக்காது" என்கிறார் மாமியார். லண்டனில் இருக்கும் பெறாமகன், அந்த நீரில் மூளை எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்றே இப்போது அளக்கலாம், மாதிரியைக் குளிர்ப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள், இங்கே பார்ப்பிக்கிறேன் என்கிறார். கணவர் வீட்டார், மச்சானைக் கட்டியதால் வந்த வினை என்கிறார்கள். மகளோ ஊசியே வேண்டாம் என்று அழுகிறார். 12 வயது மகன் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் இப்போதே பார்க்க வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி.

கடிதத்தின் அடியில் ஒரு குறிப்பு: "எனக்கு ரெண்டு காதும் மந்தம், மெஷின் போட்டிருக்கிறன், போனில கதைச்சா விளங்காது. அதுதான் எழுதுறன், குறை நினைக்க வேண்டாம்." மருந்துச் சீட்டுகளின் பிரதியும் இருக்கிறது. ஒரே தாளில் மேலே மகளின் மருந்துகள், கீழே தாயின் சீனி வருத்தத்துக்கான மருந்து.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது முள்ளந்தண்டு நீரைப் பற்றி. அதற்கு வருகிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது, அதுதான் அவசரம்.

இந்த வாரமே கதைக்க வேண்டியது: மருந்துச் சீட்டு

மகள் குடிக்கும் வலிப்புக் குளிசை சோடியம் வல்புரோவேட். நல்ல மருந்துதான். முதலில் பார்த்த வைத்தியர் அன்று தன் முன்னால் இருந்ததை வைத்து அதை எழுதியதில் பிழை காண ஒன்றுமில்லை. மைட்டோகொண்ட்ரியா நோய் என்ற சந்தேகம் வந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. மைட்டோகொண்ட்ரியாவின் வேலையையே இந்த மருந்து தடுக்கக்கூடியது. 'பொல்ஜி' என்ற மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு ஈரலை உயிராபத்தான அளவுக்குப் பழுதாக்கும் என்பதால், அவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. உங்கள் மகளுக்கு இருப்பது அந்த வகையாக இல்லாமல் போகலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். எந்த வகை என்று தெரியாதவரைக்கும் இதைத் தவிர்ப்பதே வழக்கம். 19 வயதுப் பெண்பிள்ளை என்பதால் இன்னொரு காரணமும் உண்டு. வல்புரோவேட் கருவிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும். அதனால் இந்த வயதில் முடிந்தவரை வேறு மருந்தைத்தான் பார்ப்போம்.

இதை வாசித்துவிட்டு இன்றிரவே குளிசையை நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டால் நிற்காத வலிப்பு வரலாம், அதுவும் உயிராபத்து. அடுத்த கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கொழும்பு நிபுணரை உடனே தொடர்புகொள்ள முடியாவிட்டால், திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் வைத்திய நிபுணர் ஒருவரைச் சந்தித்து, "மைட்டோகொண்ட்ரியா நோய் என்று சந்தேகிக்கிறார்கள், வல்புரோவேட்டைத் தொடரலாமா?" என்று இதே சொற்களில் கேளுங்கள். லெவெட்டிரசெட்டம் போன்ற மருந்தைத் தொடங்கிக்கொண்டு இதைப் படிப்படியாகக் குறைப்பார்கள். ஈரல் பரிசோதனைக்கும் இரத்தம் எடுப்பார்கள்.

சீட்டில் க்ளோபிடோக்ரெலும் இருக்கிறது. ஸ்ட்ரோக் என்று நினைத்த காலத்தில் தொடங்கியது போலும். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து இது, முதுகில் ஊசி போடுமுன் சில நாட்கள் நிறுத்தவேண்டி வரும். எந்த நாளிலிருந்து என்று நிபுணர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, மகள் இதைக் குடிக்கிறார் என்று மறக்காமல் சொல்வது.

உங்கள் காதும் உங்கள் சீனியும்

மன்னிப்புக் கேட்பதுபோல் எழுதிய அந்தக் கடைசி வரிதான் எனக்கு முழுக் கடிதத்திலும் அதிகம் சொன்னது. நாற்பது வயதளவில் இரண்டு காதும் மந்தம், கூடவே சலரோகம். மகள் கட்டை, தலையிடி, வலிப்பு, ஸ்ட்ரோக் மாதிரி வந்து திரும்பிப் போகும் பார்வைக் குறை. இவற்றைத் தாயின் கொப்பியில் பாதியும் மகளின் கொப்பியில் பாதியுமாக வைத்திருந்தால் எந்த வைத்தியருக்கும் சந்தேகம் வராது. சேர்த்துப் பார்த்தால் நரம்பியல் படித்தவர்களின் மனத்தில் முதலில் வருவது 'மெலாஸ்' என்ற மைட்டோகொண்ட்ரியா நோய். 1984இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 1990இல் யப்பானிய ஆய்வாளர்கள் அதன் காரணத்தைக் கண்டார்கள்.

மைட்டோகொண்ட்ரியா என்பது பாடப்புத்தகத்தில் இழைமணி என்று மகள் படித்ததுதான். கலத்துக்குச் சக்தி செய்து கொடுப்பது. அதற்கென்றே தனியாக ஒரு சிறிய டி.என்.ஏ. உண்டு: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அதில் 3243ஆவது இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பது மெலாஸ் நோயாளர்களில் சுமார் 80 சதவீதமானவர்களிடம் காணப்படுகிறது. அதே மாற்றம் ஒரே குடும்பத்தில் ஒருவருக்குச் சீனியும் செவிட்டுத்தன்மையுமாகவும், இன்னொருவருக்கு வலிப்பாகவும், மூன்றாமவருக்கு எதுவுமே இல்லாமலும் இருக்கும். மாறிய டி.என்.ஏ. எவ்வளவு, மாறாதது எவ்வளவு என்ற விகிதம் ஆளுக்கு ஆள், ஒரே ஆளுக்குள் உறுப்புக்கு உறுப்பு வேறுபடுவதே காரணம்.

இந்த டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குப் போகும். ஆகவே, இது மெலாஸ் என்று உறுதியானால், மச்சானைக் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் அமெரிக்காக்காரனைக் கட்டியிருந்தாலும் பிள்ளைக்கு இது வந்திருக்கும். முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: மைட்டோகொண்ட்ரியா நோய்களில் இன்னொரு கூட்டம் உண்டு, அவை தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் மரபணுக்களால் வருபவை, அவற்றில் சொந்தத்துக்குள் கட்டுவது ஆபத்தைக் கூட்டும். உங்கள் வீட்டுக் கதை அந்தப் பக்கம் போகவில்லை.

இதை மாமியார் வீட்டுக்குச் சொல்லும்போது, "அப்ப உன்னாலதான்" என்று அடுத்த அம்பு வரும் என்பதும் எனக்குத் தெரியும். உங்களுக்கு அது உங்கள் தாயிடமிருந்து வந்திருக்கலாம், அவருக்கு அவர் தாயிடமிருந்து. எவரும் தெரிந்து கொடுத்ததில்லை. கண் நிறத்துக்கு யாரும் யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. உங்கள் சகோதரிகளுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இந்தச் செய்தி பயன்படும். உங்கள் சகோதரர்களுக்கு இந்த நோய் இருக்கலாம், ஆனால் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் போகாது.

இதில் நடைமுறைக்கு உதவும் ஒரு விஷயம். இந்த மாற்றத்தைத் தேட முதுகில் ஊசி தேவையில்லை. இரத்தத்தில் தேடலாம், ஆனால் வயது போகப் போக இரத்தத்தில் அதன் அளவு குறைந்துகொண்டே வரும், உங்கள் வயதில் இரத்தப் பரிசோதனை 'ஒன்றுமில்லை' என்று வந்தாலும் நம்ப முடியாது. சிறுநீரோடு கழியும் கலங்களில் அது நன்றாகத் தெரியும். ஆகவே நிபுணரிடம் கேளுங்கள்: "மகளின் இரத்தம், சிறுநீர் இரண்டிலும் 3243 மாற்றத்தைப் பார்க்கலாமா? என்னுடைய சிறுநீரிலும் பார்க்கலாமா?" அங்கே கிடைத்துவிட்டால் நோயின் பெயரைக் கண்டுபிடிக்க முள்ளந்தண்டு நீர் வேண்டியதில்லை.

உங்கள் சீட்டிலுள்ள மெட்ஃபோமினைப் பற்றியும் அப்போது கேளுங்கள். இந்த நோயில் இரத்தத்தில் லக்டிக் அமிலம் சேரலாம், அப்படிப்பட்டவர்களுக்கு அது பொருத்தமில்லை என்பதால் மாற்ற நினைப்பார்கள். நீங்களாகவே விட்டுவிடாதீர்கள், சீனி ஏறிவிடும்.

ஊசி, முதுகு, கால்

மாமியாரின் பயத்தைச் சிரித்துத் தள்ள மாட்டேன். முதுகில் ஊசி போட்ட பிறகு நடக்க முடியாமல் போனவர்களை ஊரில் கண்டிருப்பார். அவர்களில் பெரும்பாலானோர் ஊசி போடுமுன்பே மூளைக்காய்ச்சலாலோ முண்ணாணில் வந்த நோயாலோ கால் இழந்துகொண்டிருந்தவர்கள். அதற்காகத்தான் ஊசியே போட்டிருப்பார்கள்.

பெரியவர்களுக்கு முண்ணாண் என்ற நரம்புத் தண்டு இடுப்பின் முதலாம் அல்லது இரண்டாம் முள்ளெலும்போடு முடிந்துவிடும். ஊசி போவது அதற்குக் கீழே, மூன்றுக்கும் நாலுக்கும் அல்லது நாலுக்கும் ஐந்துக்கும் இடையில். அங்கே தண்டு இல்லை. நீருக்குள் நரம்பு இழைகள் தொங்கிக்கொண்டிருக்கும், ஊசி பட்டால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். சில வேளை ஒரு காலில் மின்னல் வெட்டியதுபோல் ஒரு சுரீர் வரும், ஊசியைச் சற்றுத் திருப்பினால் போய்விடும். மகளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடித்து, நாடியை நெஞ்சோடு சேர்க்கச் சொல்வார்கள். முதலில் மரக்கவைக்கும் ஊசி. அதுதான் எரியும். பிறகு ஓர் அழுத்தம். நீர் சொட்டுச் சொட்டாகக் குழாயில் விழும், சுத்தமான தண்ணீர் போலவே தெளிவாக இருக்கும்.

உடம்பில் ஒரே நேரத்தில் இருக்கும் அந்த நீர் சுமார் 150 மில்லிலீற்றர். ஒரு நாளில் உடம்பு செய்வது 500 மில்லிலீற்றர் அளவில். பரிசோதனைக்கு 10 மில்லிலீற்றர் எடுத்தால் அரை மணித்தியாலத்தில் திரும்ப ஊறிவிடும். 'மூளைத் தண்ணி வத்திப் போகும்' என்ற கவலை வேண்டாம்.

உண்மையான தொல்லை பிறகு வரும் தலையிடி. அது பலருக்கு வரும், மகளைப் போல இளம் பெண்களுக்குக் கூடுதலாக. முனை கூரில்லாத மெல்லிய ஊசியைப் பாவித்தால் நன்றாகக் குறையும், அது இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்கலாம். கிருமி தொற்றுவதும் இரத்தக் கசிவும் அரிது. மூளையில் அழுத்தம் கூடியிருந்தால் ஊசி போடக்கூடாது. அதற்காகத்தான் முதலில் ஸ்கேன்.

அந்த நீரில் தெரிவது, தெரியாதது

மரபணுப் பரிசோதனை போதும் என்றால் நிபுணர் ஏன் ஊசி கேட்கிறார்? எனக்குத் தெரிந்தவரை முதல் காரணம் நீங்கள் நினைப்பதல்ல. வலிப்பும் பார்வைக் குறையுமாக வரும் இளம் பிள்ளைக்கு, மருந்து கொடுத்தால் குணமாகும் வேறு நோய்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வைரஸ் மூளை அழற்சி, கசநோய் மூளைக்காய்ச்சல், உடம்பின் எதிர்ப்புச் சக்தி மூளையையே தாக்கும் நோய்கள். இவற்றைத் தவறவிட்டுவிட்டு மைட்டோகொண்ட்ரியா என்று பெயர் வைப்பது பெரிய பிழை. அதற்கு இந்த நீரை விடச் சிறந்த சாட்சி இல்லை.

இரண்டாவது லக்டேட், மேலே சொன்ன லக்டிக் அமிலம்தான். சக்தி செய்யும் வழி அடைபட்டால் கலங்கள் குறுக்கு வழியில் போகும், அப்போது லக்டேட் சேரும். மகளின் இரத்த லக்டேட் ஒருமுறை கூட இருந்தது, மறுமுறை சரியாக இருந்தது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் பெரிதாக நம்பவேண்டாம். கையில் பட்டியை இறுக்கிக் கட்டி, கையைப் பொத்திப் பொத்தித் திறக்கச் சொல்லி, பிள்ளையும் அழுதால் எவருக்கும் ஏறும். மைட்டோகொண்ட்ரியா நோய் உள்ளவருக்கு ஓய்வாக இருக்கையில் சரியாகவும் இருக்கும். முள்ளந்தண்டு நீரின் லக்டேட் இந்தக் கைப்பட்டிக் குழப்பத்துக்கு அப்பாற்பட்டது. பெரியவர்களில் லீற்றருக்கு ஏறக்குறைய 2.5 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். ஆனால் அதற்கும் தன் குறை உண்டு: வலிப்பு வந்து சில நாட்களுக்குள் எடுத்தால், அல்லது கிருமித் தொற்று இருந்தால், மைட்டோகொண்ட்ரியா நன்றாக இருந்தாலும் ஏறும். கடைசி வலிப்பு எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு போங்கள். குழாயை உடனே ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதும் முக்கியம், வெயிலில் மேசையில் கிடந்தால் எண் கெடும்.

மூன்றாவது புரதம். வழமையாக 100 மில்லிலீற்றரில் 45 மில்லிகிராமுக்கு மேல் போகாது. கேர்ன்ஸ்-சேயர் என்ற இன்னொரு மைட்டோகொண்ட்ரியா நோயில் 100ஐத் தாண்டும். அந்த நோயில் மூளை நீரிலுள்ள ஃபோலேட்டும் குறையலாம். ஃபோலினிக் அமிலம் கொடுத்தால் பலன் கிடைத்தவர்கள் உண்டு. பரிசோதனை முடிவு நேரடியாக ஒரு மருந்தில் போய் நிற்கும் இடம் இது. மகளுக்கு இமை தொங்கவில்லை, கண் அசைவு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருப்பதால் அந்த நோய்க்கு வாய்ப்புக் குறைவு.

லண்டனுக்கு அனுப்புவதா?

பெறாமகன் வாசித்தது பொய்யில்லை. நரம்பு இழைக்குள் எலும்புக்கூடு போல இருக்கும் ஒரு புரதம் நியூரோஃபிலமென்ட் லைட். இழை சிதையும்போது அது நீருக்குள் கசியும். நரம்புக் கலத்திலிருந்து டவ் என்ற புரதமும், நரம்புக்குத் துணை நிற்கும் கலங்களிலிருந்து ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதமும் அப்படியே வரும். மூளை பாதிக்கப்பட்ட மைட்டோகொண்ட்ரியா நோயாளர்களில் இவை, முக்கியமாக முதலாவது, உயர்ந்திருப்பது தெரிந்த விஷயம். நியூரோஃபிலமென்ட் கூடியவர்களின் ஆயுள் குறைவாக இருந்ததாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2019இல் எழுதினார்கள். அவர் பயந்ததும் உங்களைப் பயமுறுத்தியதும் அநேகமாக இந்த மாதிரி வரியால்தான்.

புயலுக்குப் பிறகு நிலாவெளிக் கரையில் பலகைத் துண்டுகள் ஒதுங்கினால், எங்கோ ஒரு வள்ளம் உடைந்திருக்கிறது என்று தெரியும். எந்த வள்ளம், எதனால் உடைந்தது, நாளைக்கு இன்னொன்று உடையுமா என்று அந்தப் பலகையைக் கேட்டுப் பயனில்லை. நியூரோஃபிலமென்ட் அப்படிப்பட்டது. ஸ்ட்ரோக்கிலும் ஏறும், தலையில் அடிபட்டாலும் ஏறும், நரம்பு உறை அழியும் நோயிலும் மறதி நோயிலும் ஏறும். வயதோடும் ஏறும். உங்கள் மகளுக்கு அண்மையில்தான் இரண்டாவது தாக்கம் வந்தது. இப்போது எடுத்தால் எண் பெரிதாகத்தான் வரும், அது குறைய வாரங்கள், மாதங்கள் ஆகும். அந்த எண் சொல்வது, அண்மையில் மூளைக்கு அடி விழுந்தது என்பதை. தட்டில் பாதிச் சோறு கிடந்தபோதே உங்களுக்கு அது தெரியும்.

ஆயுளைப் பற்றி. ஆய்வு சொல்வது ஒரு கூட்டத்தின் சராசரியை. அரிய நோய் என்பதால் அந்தக் கூட்டமும் சிறியது, குழந்தையிலேயே தொடங்கும் மிகக் கடுமையான வகைகளும் அதில் கலந்திருக்கும். அதை வைத்து 19 வயதுப் பிள்ளைக்கு 'இத்தனை வருஷம்' என்று கணக்குப் போடும் நரம்பியல் வைத்தியர் எவரையும் நான் மதிக்க மாட்டேன். நோய் முற்றுகிறதா, புதிய மருந்தொன்று வேலை செய்கிறதா என்று ஆய்வாளர்கள் பார்க்க இந்த அளவுகள் உதவும். அதற்கும் இப்போது மிக நுண்ணிய கருவிகளால் கை இரத்தத்திலேயே நியூரோஃபிலமென்டை அளக்கிறார்கள். அந்த எண்ணுக்காக மட்டும் முதுகில் ஊசி வேண்டாம்.

இரத்தத்தில் ஜி.டி.எஃப்.15, எஃப்.ஜி.எஃப்.21 என்று இரண்டு அளவுகள் உண்டு, மைட்டோகொண்ட்ரியா நோயில், முக்கியமாகத் தசை பாதித்தால், உயரும். சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும். தீர்ப்பு மரபணுவில்தான்.

குளிர்ப் பெட்டியில் விமானத்தில் கொண்டுபோகும் யோசனையை விட்டுவிடுங்கள். இந்தப் புரதங்களுக்கான நீரைச் சரியான பிளாஸ்ரிக் குழாயில் எடுக்க வேண்டும். சில புரதங்கள் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சுழற்றிக் கலங்களைப் பிரித்து, பூச்சியத்துக்குக் கீழே 80 பாகையில் உறையவைத்து, உலர்பனிக்குள் அனுப்ப வேண்டும். ஐஸ் போட்ட மீன் பெட்டிக் கணக்கில் போனால் வரும் எண்ணுக்கு எவரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். ஆய்வுக்காக அனுப்புவதென்றால், மகளின் எழுத்துச் சம்மதமும் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். பெறாமகன் உதவ விரும்பினால், அந்தக் காசை மரபணுப் பரிசோதனைக்குத் தரச் சொல்லுங்கள். அதில் பலன் உண்டு. போத்தல் போத்தலாகக் கோ-என்சைம் என்ற சத்து மாத்திரை அனுப்பச் சொல்லிக் கடன்படவும் வேண்டாம். பலர் குடிக்கிறார்கள், நானும் சிலருக்கு எழுதுகிறேன், ஆனால் மெலாஸை அது மாற்றும் என்று உறுதியாகச் சொல்லும் பெரிய ஆய்வு இல்லை.

கையெழுத்து யாருடையது

மகளுக்கு 18 கடந்துவிட்டது. சம்மதப் படிவத்தில் கையெழுத்து அவருடையது; வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருடையது. நீங்களோ கணவரோ மாமியாரோ அவருக்காகப் போட முடியாது. இதை இடைஞ்சலாக நினைக்காதீர்கள். ஊசி வேண்டாம் என்று அழும் பிள்ளையிடம், எதற்காக, எவ்வளவு நேரம், முடிவு என்னத்தை மாற்றும் என்று வைத்தியரே நேரே சொன்னால் பலர் சம்மதிப்பார்கள். அவரோடு தனியே கதைக்க ஐந்து நிமிடம் தரும்படி நிபுணரிடம் கேளுங்கள். நான் அந்த இடத்தில் இருந்தால், முதலில் இரத்தமும் சிறுநீரும் அனுப்பி, முடிவு வரும்வரை ஊசியைத் தள்ளிப்போட முடியுமா என்று யோசிப்பேன். காய்ச்சல், மயக்கம், புதிய தாக்கம் என்று எதுவும் வந்தால் தள்ளிப்போட மாட்டேன். மகளைக் கண்ணால் பார்க்காத எனக்கு இவ்வளவுதான் சொல்லலாம். பார்த்தவரின் சொல்லுக்கே எடை கூட.

எம்.ஆர்.ஐ. தட்டு, டயக்னோசிஸ் காட், இரத்த முடிவுகள் எல்லாவற்றுக்கும் பிரதி கேட்டு வாங்கி ஒரே கோவையில் போடுங்கள், உங்கள் காதுப் பரிசோதனையும் அதற்குள் இருக்கட்டும். கலியாணப் பேச்சு வரும்போது இது வெளியே தெரிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். வைத்தியர் உங்கள் உறவுக்காரருக்குச் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. எப்போது, யாரிடம் சொல்வது என்பது மகளின் முடிவு. பிள்ளை பெறும் காலம் வந்தால் அதற்குமுன் மரபணு ஆலோசனை எடுக்க வேண்டும். பிரித்தானியாவில் 2015இல் சட்டம் மாற்றி, இன்னொரு பெண்ணின் ஆரோக்கியமான மைட்டோகொண்ட்ரியாவோடு கருவை உருவாக்க அனுமதித்தார்கள். அந்த முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்ததை 2025இல் அறிவித்தார்கள். நம் நாட்டில் அது இல்லை. ஆனால் மகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை சில. பட்டினி கூடாது. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் மகள் உபவாசம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இனி வேண்டாம், பாலும் பழமும் நேரத்துக்கு எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகட்டும். காய்ச்சல், சத்தி என்றால் பெனடோலோடு வீட்டில் இரண்டு நாள் பார்க்காமல் அன்றே கொண்டுபோங்கள். புதிதாகப் பார்வைக் குறை, கை கால் சோர்வு, குழப்பம் வந்தால் அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். சந்தேகிக்கும் நோயின் பெயர், வல்புரோவேட் தவிர்க்க வேண்டும் என்பது, நிபுணரின் பெயர் மூன்றையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் ஓர் அட்டையில் எழுதித் தரக் கேளுங்கள். இரவில் எந்த வாட்டில் யார் கடமையில் இருப்பார் என்று தெரியாது. மகளுக்கும் உங்களுக்கும் ஈ.சி.ஜி.யும் இதய ஸ்கேனும் எடுக்க வேண்டும், இந்த நோய் இதயத்தையும் தொடும். உங்கள் காதுக்கு மெஷின் போதாமல் போனால் உள்காதுக் கருவி பொருத்துவதைப் பற்றிக் கேளுங்கள். இந்த நோயாளர்களில் அது நன்றாக வேலை செய்கிறது.

மகனைப் பற்றி. இது உங்கள் பக்கத்திலிருந்து வந்ததென்றால் அவருக்கும் ஏதோ ஓர் அளவில் போயிருக்கும், அந்த அளவு மிகக் குறைவாகவும் இருக்கலாம். நன்றாக ஓடி விளையாடும், காது கேட்கும், நன்றாக வளரும் பிள்ளைக்கு இப்போதே மரபணுப் பரிசோதனை செய்து பெயர் ஒட்டுவதை நான் விரும்புவதில்லை. முதலில் அக்காவின் முடிவு வரட்டும். வருஷத்துக்கு ஒருமுறை காது, உயரம், நிறை, சீனி, ஈ.சி.ஜி. பாருங்கள்; தலையிடியும் சத்தியுமாகத் தொடங்கினால் அப்போது தாமதிக்க வேண்டாம். ஒன்றும் இல்லாவிட்டால், பெரியவனான பிறகு அறிய விரும்புகிறாரா என்று அவரையே கேட்கலாம்.

ஊசி போடுவதென்று முடிவானால் ஒரே நாளில் போய் வரத் திட்டமிடாதீர்கள். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வான் வண்டியில் ஆறேழு மணித்தியாலம் நிமிர்ந்து இருந்து வருவது பிள்ளைக்குப் பெரும் பாடு. உறவினர் வீட்டில் ஓரிரண்டு நாள் தங்குங்கள். நாள் முழுக்கப் படுக்கவைத்தால் தலையிடி வராது என்பார்கள், அது சரியில்லை. எழுந்து நடமாடலாம், தண்ணீர் குடிக்கலாம். ஐந்து நாட்களுக்குள் எழுந்தால் கூடி, படுத்தால் குறையும் தலையிடி வந்தால் அது ஊசியால் வந்தது, பெரும்பாலும் தானாகவே போகும். போகாவிட்டால் திரும்பப் போய்க் காட்டுங்கள். பிள்ளையின் சொந்த இரத்தத்தில் கொஞ்சம் எடுத்து அதே இடத்தில் செலுத்தி அந்த ஓட்டையை அடைப்பார்கள். காய்ச்சலோ கழுத்து விறைப்போ கால் சோர்வோ சேர்ந்து வந்தால் அடுத்த நாள்வரை வைத்திருக்காமல் உடனே கொண்டுபோங்கள்.